வண்ண விசிறியும் சுண்டெலியும்

"அட்டைப்பெட்டி பிரிக்கறதெல்லாம் ஒரு வேலையாடி?"

ஹாலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தபடியே அப்பா ஆரம்பித்துவிட்டார்.

"அதை லைவ்ல வேற காட்டணுமாக்கும்!"

"இன்னிக்கு மட்டும் பேசாம இருங்கப்பா, ப்ளீஸ்," என்றாள் மகள், தன் அறையிலிருந்து.

இன்றைய விஷயமே வேறு. இதுவரை தன் யூடியூப் சேனலில், தன் காசில் வாங்கியதைத்தான் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். முதல் முறையாக ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரரே பொருள் அனுப்பியிருந்தார். கம்ப்யூட்டருக்குள் மாட்டுகிற விசிறிகள். சுற்றும்போது கலர் கலராக எரியும். 'லைவ் நல்லா வந்தா, இனிமே எங்க கடைப் பொருள் எல்லாம் உங்ககிட்டதாம்மா' என்று சொல்லியிருந்தார்.

"சரியா வரலைன்னா ஒழுங்கா சித்தப்பா கடைல போய் உட்காரு," அப்பா விடுவதாக இல்லை.

"ஆரம்பிக்கறப்பவே வாயை வெக்காட்டி உங்களுக்குத் தூக்கம் வராதே," என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து. "நீ கதவைச் சாத்திக்கடி."

"சாத்தினா புழுங்கும். திறந்தே இருக்கட்டும்," என்றார் அப்பா.

மேசைக்கு நேர் மேலே போனைக் கட்டியிருந்தாள். பார்ப்பவர்களுக்குத் தெரிவது மேசையும் அவள் கைகளும் மட்டும்தான். யார் என்ன எழுதுகிறார்கள் என்பது பக்கத்தில் லேப்டாப்பில் ஓடும்.

லைவ் தொடங்கியதும் வழக்கம்போல முதலில் வந்தது 'சுண்டெலி' என்ற பெயர்.

'வந்துட்டேன். கத்தரிக்கோல் ஜாக்கிரதை.'

அவளுக்குச் சிரிப்பு வந்தது. யாரோ பள்ளிக்கூடத்துப் பொடிசு. ஆனால் ஒரு வீடியோவைக்கூட விட்டதில்லை.

பெட்டியைத் திறந்தாள். விசிறிகள், திருகாணிகள், குட்டி ரிமோட்... ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

"அடுத்து, விசிறி சுத்தறதுக்கும் விளக்கு எரியறதுக்கும் ஒயர்..."

ஒயரைக் காணோம்.

பெட்டியைக் கவிழ்த்தாள். உதறினாள். இல்லை.

'ஒயர் இல்லாத விசிறியா? கையால சுத்திக் காட்டுங்க!' என்றார் ஒருவர்.

'கடைக்காரர் நல்லா ஏமாத்திட்டார் போல,' என்றார் இன்னொருவர்.

கடைக்காரரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். 'என் கையால எடுத்து வெச்சேம்மா. என் கடைப் பேரு போகுது!'

காலிப் பெட்டியையே அவள் மறுபடி மறுபடி துழாவுவதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது சுண்டெலி எழுதியது.

'பதறாத. கீழ விழுந்திருக்கு. உன் நாற்காலிக்கு அடியில பாரு.'

குனிந்து பார்த்தாள். சின்னக் கவர். உள்ளே ஒயர்!

"கிடைச்சிடுச்சு! கை பட்டு நான்தான் தள்ளிவிட்டிருக்கேன். கடைக்காரர்மேல ஒரு தப்பும் இல்ல. மன்னிச்சிடுங்க சார்."

மாட்டினாள். சுவிட்சைப் போட்டாள்.

சிவப்பு, நீலம், பச்சை என்று விசிறிகள் சுழன்றன. அறையே திருவிழா கண்டது போல் ஆனது.

'தப்பை ஒத்துக்கற தைரியம் யாருக்கும்மா வரும்? அடுத்த பெட்டி நாளைக்கே அனுப்பறேன்,' என்றார் கடைக்காரர்.

அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை.

"எல்லாருக்கும் நன்றி! முக்கியமா சுண்டெலிக்கு. நீ மட்டும் சொல்லலைன்னா..."

பாதியில் நிறுத்தினாள்.

போனில் தெரிவது மேசை மட்டும். நாற்காலிக்கு அடியில் கிடப்பது யாருக்குத் தெரியும்?

மெல்லத் திரும்பினாள்.

திறந்த கதவுக்கு நேரே அப்பா. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனில் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தவர், சட்டென்று அதைத் துண்டுக்குள் செருகினார்.

"என்னை எதுக்குடி பாக்கற? அத்தனை பேர் காத்துக்கிட்டு இருக்காங்க, அங்க பாத்துப் பேசு!"