சம்பங்கி போட்ட வெடி

ஆண்டர்சன்பேட்டை கடைத்தெரு முனையில் வெள்ளைக்கார டாக்டர் துரையின் மோட்டார் வண்டி 'டமார்' என்று வெடித்தபோது, அதை ஓட்டிவந்த சம்பங்கி முதலில் தன் கைகால்களைத் தடவிப் பார்த்தான். எல்லாம் இருந்தன.

பிறகு தெருவைப் பார்த்தான். பெண்கள் கூடைகளைப் போட்டுவிட்டுத் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தார்கள்.

அவனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஊருக்கே ஒரே மோட்டார் வண்டி. மிரளட்டுமே.

அப்புறம்தான் கவனித்தான். அவர்கள் வண்டியைக் கண்டு ஓடவில்லை. வண்டியைத் தாண்டி, தங்கச் சுரங்கத்துக்குள் ஆள் இறங்கும் ஷாஃப்ட்டைப் பார்த்து ஓடினார்கள்.

அந்த ஊரில் அப்படியொரு சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான். கீழே பாறை வெடித்திருக்கிறது. கீழே நம் ஆள் இருக்கிறான்.

"ஒண்ணுமில்ல தாயீ! வண்டிதான்!" என்று கத்தினான். யார் காதில் விழும்?

முந்தாநாள் வரை அவனும் கீழே பாறைக்கு வெடிமருந்து வைக்கிறவன்தான். டாக்டர் துரைதான் மேலே இழுத்துப் போட்டுக்கொண்டார், வண்டியைத் துடைக்க. ஓட்டச் சொல்லவில்லை. துரை பெங்களூருக்கு ரயிலேறிய நேரம் பார்த்து இவனாகக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டான்.

மேலே வந்த சேதியைப் பாப்பம்மாவுக்குச் சொல்லவில்லை. அவள் இட்லிக் கடை வாசலில் வண்டியோடு போய் இறங்கி, அவள் வாயைப் பிளப்பதை ஆசைதீரப் பார்த்துவிட்டு, மறுபடி கேட்பதாகத் திட்டம்.

ஏற்கெனவே பலமுறை கேட்டாயிற்று. "என்னக் கட்டிக்கிறியா?" என்றால், "இட்லி சூடா வேணுமா, ஆறினது போதுமா?" என்பாள். அவனை அவள் கூப்பிடுவதே பெருச்சாளி என்றுதான். அவள் அப்பன் பங்காருபேட்டை ரயிலடியில் மூட்டை தூக்குகிறார். அவர்கள் வீட்டில் ஒருத்தர்கூட மண்ணுக்குள் இறங்கியதில்லை.

இரண்டில் ஒன்று இன்று தெரிந்தாக வேண்டும் என்றுதான் வண்டியை எடுத்தான்.

முனையில் நின்றுபோன வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய்க் கடை வாசலில் நிறுத்தினான். பாப்பம்மா இல்லை. வேடிக்கை பார்க்கப் போயிருப்பாள். இட்லிப் பானை ஆளில்லாமல் கொதித்துக்கொண்டிருந்தது. விறகைப் பின்னுக்கு இழுத்து வைத்தான்.

கூட்டம் திரும்பி வரும். அந்த நேரம் பார்த்து வண்டி இன்னொரு தடவை வெடித்தால் இவன் தோலை உரித்து இட்லித் துணியாகப் போட்டுவிடுவார்கள்.

பெட்ரோலில் தூசி என்று நினைத்துத் தலைப்பாகையை அவிழ்த்து வடிகட்டினான். இன்ஜின் இருமியது. பிளக்கில் கரி என்று சுரண்டினான். நொண்டியது. இன்ஜினைத் திட்டினான். அதைச் செய்த வெள்ளைக்காரனின் ஏழு தலைமுறையைத் திட்டினான். மெட்ராஸில் ஓட்டித் தேய்த்து இங்கே தள்ளிவிட்டவனையும் விடவில்லை. திட்டுவதற்கு ஆள் தீர்ந்த பிறகுதான் தன் ஞாபகம் வந்தது.

பாப்பம்மா கண்ணுக்குப் பளபளக்கட்டும் என்று காலையில் இன்ஜினிலிருந்த பித்தளைத் தட்டைக் கழற்றிப் புளி போட்டுத் தேய்த்தவன் யார்?

பொறி எப்போது விழ வேண்டும் என்று இன்ஜினுக்குச் சொல்வதே அந்தத் தட்டுதான். கோணலாக மாட்டியதில் பொறி பிந்திவிட்டது. உள்ளே எரிய வேண்டிய பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போய் அங்கே வெடித்தது. திரி முந்தினால் என்ன, பிந்தினால் என்ன என்று சுரங்கத்தில் ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த பெரிய மனுஷன் இவன்.

தட்டை முன்னால் திருப்பிவிட்டு, இன்ஜினைக் கிளப்பும் கைப்பிடியைச் சுற்றினான். அது எதிர்ப்பக்கம் எகிறி மணிக்கட்டில் ஓங்கி அறைந்தது.

சரி, இப்போது முந்திவிட்டது.

அரை நெல் அளவு பின்னால் தள்ளினான். எருமை அசைபோடுகிற மாதிரி இன்ஜின் நிதானமாக ஓடத் தொடங்கியது.

கூட்டம் திரும்பியது. கீழே ஒன்றும் ஆகவில்லை என்று ஷாஃப்ட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அழுத மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்து வந்தவர்களுக்கு, இவனையும் வண்டியையும் பார்த்ததும் சங்கதி புரிந்துவிட்டது.

"உன் வண்டில இடி வுழ!" என்று ஒருத்தி சாணியை எடுத்து வீசினாள். குறி தப்பவில்லை.

கடைசியாகப் பாப்பம்மா வந்தாள். கொண்டை அவிழ்ந்து கிடந்தது. கால் கட்டைவிரலில் ரத்தம். கையில் இட்லிக் கரண்டி அப்படியே இருந்தது.

அவனைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். வண்டிப் பக்கம் அவள் கண் போகவேயில்லை.

ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் சம்பங்கிக்கு மறந்துபோயிற்று. கன்னத்துச் சாணியைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

"உங்க வூட்லதான் யாருமே கீழ எறங்கறதில்லியே. நீ இன்னாத்துக்கு ஓடின?"

சூடா, ஆறினதா என்றுதான் கேட்கப்போகிறாள் என்று நினைத்தான்.

"நீ கீழ இருக்கேன்னுதான்யா ஓடினேன், பெருச்சாளி."