நான்கு சதவீதத்தில் தாய்மாமன்

நான்கு சதவீதம்.

அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு மலைக்கோவில் படியோரம் நின்றிருந்தாள்.

மண்டபத்தில் பாய் விரித்தாயிற்று. ஆசாரி தட்டில் தங்கக் கம்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். குழந்தை இனியா பட்டுப்பாவாடையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பத்தரைக்குள் காது குத்தியாக வேண்டும். மணி பத்து.

குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய தாய்மாமனைத்தான் காணோம்.

தம்பி பூபதி லாரி ஓட்டுகிறவன். புனேயிலிருந்து வெங்காய லோடு. கிளம்பும்போதே தன் இருப்பிடத்தை அவள் போனுக்கு அனுப்பி வைத்திருந்தான். நான் எங்கே வருகிறேன் என்று நீயே பார்த்துக்கொள் என்றான்.

பார்த்தாள். இரண்டு நாளாக வேறு எதையும் பார்க்கவில்லை. தோசை கருகியது. பார்த்தாள்.

அப்பா, அம்மா போனபிறகு பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சமிருந்தது அந்த நீலப் புள்ளி ஒன்றுதான்.

அது இப்போது சேலம் பைபாஸில் நிற்கிறது. அரை மணி முன்பும் அங்கேதான் நின்றது.

மூன்று.

கோவிலில் இருந்த ஒரே பிளக்கில் மைக்செட் பாடிக்கொண்டிருந்தது. பூசாரி பிடுங்க விடமாட்டார். கேட்டுப் பார்த்துவிட்டாள்.

கணவன் கந்தவேல் ஒன்பது மணிக்கே யோசனை சொல்ல ஆரம்பித்திருந்தான்.

"வைஃபை எதுக்கு? ப்ளூடூத் எதுக்கு? பின்னாடி ஓடுற ஆப்பெல்லாம் மூடு. வெளிச்சத்தைக் கொறை, அதுதான் பாதி சார்ஜைத் திங்குது. அவனைக் கூப்புடறதையும் நிறுத்து. பாவம், வண்டி ஓட்டறவன்."

சொல்கிற வாயைப் பாருங்கள். அவனுடைய போன் நூறு சதவீதம் ஏறட்டும் என்று வீட்டிலேயே சார்ஜில் கிடக்கிறது.

இருந்தாலும் சொன்னதையெல்லாம் செய்தாள். வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தாள். கூப்பிடுவதையும் விட்டாள்.

வரைபடத்தை மட்டும் மூடவில்லை. மூடினால் தம்பி தொலைந்துபோவான் என்று ஒரு பைத்தியக்காரப் பயம்.

வெயிலில் திரை அமாவாசையாகக் கிடந்தது. கண்ணை இடுக்கினால் புள்ளி மட்டும் தெரிந்தது.

இரண்டு.

புள்ளி அசையவே இல்லை.

டயர் வெடித்திருக்குமோ. ராத்திரியெல்லாம் ஓட்டியவன், ஓரங்கட்டித் தூங்கிவிட்டானோ. தூங்கினால்கூடப் பரவாயில்லை முருகா, வேறு ஒன்றும் இருக்கக்கூடாது.

மாமியார் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நல்ல நேரம் போகுது கண்ணு. உம்பட பெரியப்பன் பையன் வந்திருக்கான்ல. அவன் மடில வெச்சுக் குத்திப்போடலாம்."

"இன்னும் நேரமிருக்குங்க அத்தை."

நல்ல பிள்ளைதான் அவனும். ஆனால் பூபதி ஆகிவிடமாட்டான். இனியா பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் லாரியை நிறுத்திவிட்டு ஓடிவந்து, காது குத்தறப்ப என் மடிதான், வேற எவனாச்சும் உக்காந்தா நடக்கறதே வேற என்று சொன்னவன் பூபதிதான்.

ஒன்று.

முந்தானையைத் தலைவழியே இழுத்துப் போட்டுத் திரைக்கு நிழல் பிடித்தாள். அப்போதுதான் புள்ளிக்குக் கீழே பொடியாக ஒரு வரி தெரிந்தது.

கடைசியாகப் புதுப்பித்தது 54 நிமிடங்களுக்கு முன்.

அட லூசே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். சேலத்தில் நின்றுபோனது அவனில்லை, அவன் போன்.

திரை அணைந்தது.

அடிவாரத்தில் ஏர்ஹாரன் அலறியது. ஒரு முறை இல்லை, மூன்று முறை. மண்டபத்துக் குரங்குகள் தெறித்து ஓடின.

இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி வந்தான். கையில் மடிப்புக் கலையாத புது வேட்டி, இடுப்பில் லுங்கி, மேலெல்லாம் வெங்காய வாசம். வந்ததும் வராததுமாகச் செத்த போனை அவள் முகத்துக்கு நேராக நீட்டினான்.

"விடிஞ்சதுல இருந்து முப்பத்தேழு தடவை கூப்புட்டா பேட்டரி எப்படிக்கா நிக்கும்? வண்டில வயரும் பிஞ்சுபோச்சு. சார்ஜர் இருக்குதா?"

அவள் தன் போனைத் திருப்பிக் காட்டினாள். இருட்டாக இருந்தது.

இருவரும் சிரித்துவிட்டார்கள்.

வேட்டியை லுங்கி மேலேயே சுற்றிக்கொண்டு பூபதி பாயில் உட்கார்ந்தான். இனியா அவன் மடிக்குத் தாவினாள். மணி பத்து இருபத்திரண்டு.

ஆசாரி கம்பியை எடுத்தார். "பாப்பாவுக்குப் போன்ல ஏதாச்சும் காட்டுங்க. அது பாத்துட்டிருக்கறப்பவே குத்திப்போடறேன்."

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பூபதி கன்னத்தை உப்பிக்கொண்டு வாயாலேயே ஹாரன் அடித்தான். குழந்தை அவன் வாயை வெறித்துப் பார்த்தது. இன்னொரு தடவை அடித்தான். பொக்கை வாயைத் திறந்து சிரித்தது.

அந்தச் சிரிப்பு முடிவதற்குள் ஆசாரி கம்பியைத் திருகிவிட்டார்.

குழந்தை அழுவதற்கு முன்பே அழுதவள் அவள்தான்.