மிக்ஸி மேல் விழுந்த பழி

ரீடிங் எடுக்க வந்தவர் போன தடவையைவிட இருமடங்கு யூனிட்டை அட்டையில் எழுதிவிட்டுப் போனதும் சமையலறை மிக்ஸிக்கு உதறல் எடுத்தது.

"வீடே அதிரக் கத்துறியே, கரன்ட்டையெல்லாம் நீதான் குடிக்கிற. உன்னைப் பரண்ல ஏத்தணும்," என்றது குளியலறை கீசர்.

மிக்ஸி வாசல் மீட்டரிடம் ஓடியது. "மீட்டரண்ணே, நான் அரைக்கிறதையே விட்டுடட்டுமா?"

"நாளைக்கு அரைச்சு முடிச்சதும் என் சிவப்பு விளக்கைப் பாரு. கரன்ட் எவ்வளவு வேகமா செலவாகுதோ, அவ்வளவு வேகமா அது கண் சிமிட்டும்," என்றது மீட்டர்.

மறுநாள் காலை மிக்ஸி ஐந்தே நிமிடத்தில் சட்னியை அரைத்துவிட்டு ஓய்ந்தது. மீட்டர் விளக்கோ ஓயாமல் படபடவென்று கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

மிக்ஸி மெல்லக் குளியலறைப் பக்கம் திரும்பியது.

"என்னை ஏன் பாக்குற? நான் வாயே திறக்கலையே," என்றது கீசர், உள்ளே தளதளவென்று கொதித்தபடி.