மாடியில் காய்ந்த சோறு

மாடியில் வெள்ளைத் துணி விரித்து, வேகவைத்த சோற்றையும், பக்கத்தில் தட்டுகளில் கெட்டிப் பருப்புக் குழம்பையும் காய வைத்துக்கொண்டிருந்தாள் ரஞ்சிதா. அடுத்த வாரம் அவளும் கணவனும் காட்டில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறார்கள்; அதற்காகப் பத்து நாளாகவே இந்த வேலை. அங்கே காய்ந்ததில் வெந்நீர் ஊற்றினால் போதும், சாப்பாடு தயார்.

கீழேயிருந்து பக்கத்து வீட்டு அம்சவேணி கூப்பிட, ரஞ்சிதா இறங்கிப் போனாள். சில நாட்களாக மத்தியானமானால் சுடுசோற்றோடு வந்துவிடுகிறாள்.

ரஞ்சிதாவுக்குச் சந்தேகம். கணவன் ஸ்டீபன் சோளக்காடு என்ற இந்த மலையூருக்கு மாற்றலாகி வந்த அரசு ஊழியன். பட்டா வேலையெல்லாம் அவன் கையில். சும்மாவா கொண்டுவருவாள்?

"ஏனுங்க, சாமைச் சோறும் மொச்சைக் கொழம்பும். சூடாவே சாப்பிடுங்க" என்று தூக்குப்போசியை நீட்டினாள் அம்சவேணி.

ரஞ்சிதா வாங்கவில்லை.

"காரியம் ஏதாவது ஆகணும்னா ஆபீசுக்குப் போங்க. சோத்தைக் கொடுத்து எங்க வீட்டுக்காரரை வளைக்க முடியாது."

அம்சவேணியின் முகம் சுண்டிவிட்டது.

"ஐயோ, காரியமெல்லாம் இல்லீங்க." குரலைத் தாழ்த்தினாள். "மொளகு பறிக்க ஏணியில ஏறுனப்ப உங்க மாடியைப் பார்த்தேனுங்க. மிஞ்சுன சோறு, கொழம்பைக்கூட நீங்க காய வெச்சு எடுத்து வெக்கிறீங்க. ஊரு விட்டு ஊரு வந்து என்ன சிரமமோன்னு மனசு கேக்கலீங்க. யாருகிட்டயும் சொல்லலீங்க."

ரஞ்சிதா கூசிப்போனாள். உல்லாசப் பயணத்துக்குக் காய வைக்கிறேன் என்று இப்போது எப்படிச் சொல்வது? சொன்னால் இந்த மனுஷி இன்னும் குன்றிப்போவாள்.

தலை நிமிராமல் தூக்குப்போசியை வாங்கிக்கொண்டாள்.

"ஆமாங்க அக்கா. இந்த மாசம் கொஞ்சம் கஷ்டந்தான்."