மருமகள் இருக்க, கூலி ஆள் எதற்கு?

"ஏனுங்க, சம்பளத்துக்கு ஆள் வெச்சா, குளிப்பாட்டி உடறதும் அவங்க வேலையில சேருமுங்களா?"

காளியப்பன் கேட்ட அந்தக் கேள்வி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருமகள் சுகுணாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

ஏற்காட்டில் முதியோருக்கு ஆலோசனை சொல்லும் மையம் அது. எதிரே இருந்த ஆலோசகர் சுதாராணி, சேரும் என்றாள். ஆனால் அதை முதலிலேயே பேசிவிட வேண்டும் என்றாள்.

பக்கவாதம் காளியப்பனின் வலப்பக்கத்தைச் சாய்த்துவிட்டது. நாவு மட்டும் தப்பியது. கணவன் இறந்த பின்னும் அந்த வீட்டிலேயே இருந்து அவரைக் குளிப்பாட்டியவள் சுகுணா, ஊட்டியவள் சுகுணா, இன்று பஸ்ஸில் தாங்கிப் பிடித்து அழைத்து வந்தவளும் சுகுணாதான். கூலிக்கு வந்தவள் செய்தால் அது வேலை. மருமகள் செய்தால் அது கடமை. உலகம் எழுதிவைத்த நீதி இது. அந்தக் கடமையும் இப்போது அவள் கையை விட்டுப் போகப் பார்க்கிறது.

சில நாளாகவே அவர் வாயில் இதே பேச்சு. தாம் வேலை பார்த்த எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரைக் கேட்டார். ஊசி போட வந்த நர்சைக் கேட்டார். ஆளுக்கொன்று சொன்னார்கள். பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மாள்தான் சுகுணாவைத் தனியே இழுத்துக் கொண்டுபோய்ச் சொன்னாள்.

"மருமக இருக்கற ஊட்டுக்குக் கூலி ஆளத் தேடறாருன்னா, மருமகளப் பெட்டி கட்டச் சொல்றாருன்னு அர்த்தம் கண்ணு."

தாய்வீடு என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு ஒரு கூரை இல்லை. வெள்ளக்கடை கிராமத்தில் மாமனார் கட்டிய ஓட்டுவீடுதான் அவள் உலகம். அந்தக் கதவும் அடைபட்டால் எங்கே போவாள்? வெந்நீர் சுட்டுவிட்டதா, கஞ்சியில் உப்புக் குறைந்ததா என்று தன் குற்றத்தைத் தானே தேடித் தேடி ஓய்ந்திருந்தாள்.

சுதாராணி விளக்கிக்கொண்டே போனாள். ஆள் அனுப்புகிற ஏஜென்சி கேட்டவுடன் மொத்தப் பணத்தையும் கொடுத்துவிடக் கூடாது. வருகிறவர் முன்பு வேலை பார்த்த வீட்டில் விசாரிக்க வேண்டும். லீவு எப்போது, என்னென்ன வேலை என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். சில நாள் வைத்துப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும். ஏ.டி.எம். கார்டை மட்டும் யார் கையிலும் கொடுக்கவே கூடாது.

காளியப்பன் எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். எஸ்டேட்டிலிருந்து நின்றபோது வந்த பணம் அப்படியே இருக்கிறது, செலவைத் தாமே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

"ராத்திரியும் தங்கறவங்களாப் பாருங்க. ஊட்டுல வேற ஆள் இருக்காது."

வேறு ஆள் இருக்காது. இனியும் வாய்மூடி இருப்பதில் பொருளில்லை என்று சுகுணா அவர் பக்கம் திரும்பினாள்.

"மாமா, நான் என்ன தப்புப் பண்ணுனேன்? சொல்லுங்க, திருத்திக்கறேன். என்னைய ஊட்ட உட்டு அனுப்பீராதீங்க."

காளியப்பன் தலைகுனிந்தார். அவளைப் பார்த்துப் பேசத் துணிவில்லாதவர் போல் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். சுதாராணிக்கே பொறுக்கவில்லை.

"இத்தன நல்லாப் பாத்துக்கற பொண்ண வெச்சுக்கிட்டு, வெளியாள் எதுக்குங்க ஐயா?"

பெரியவர் சுதாராணியிடம் சொன்னார்.

"தலைச்சோலை ஊருத் தனபால் நொம்ப நல்ல பையனுங்க. போன மாசம் எங்க வாசல்ல நின்னு, இவளக் கட்டிக்கறேன்னு கேட்டான். 'எனக்கும் ஆசைதான், ஆனா எங்க மாமாவ யாரு பாத்துக்குவாங்க'ன்னு சொல்லி அழுதுக்கிட்டே திருப்பி அனுப்பீட்டா. உள்ள படுத்திருந்த எனக்குக் கேக்காதுன்னு நெனச்சுக்கிட்டாளுங்க."