மேட்டு வீட்டில் இடுப்பளவுத் தண்ணீர்

"பொய் சொல்லாதீங்க மாமா. அந்த வெள்ளத்துல உங்க வீட்டுக்குள்ள தண்ணி வரவே இல்ல!"

பிள்ளையார்பாளையத்துத் தெரு முனையில், மேட்டு வீட்டு வாசலில் லேப்டாப்பைப் பிரித்து வைத்துக்கொண்டு கத்தினாள் கலையரசி. பழைய வெள்ளத்தில் எந்த வீட்டில் எவ்வளவு தண்ணீர் நின்றதென்று மேப்பில் குறிக்கும் கல்லூரி புராஜெக்ட்.

"இடுப்பளவு நின்னுதும்மா," என்றார் ஆதிகேசவன், தறியை நிறுத்தாமலே.

"நிலத்தோட உயரமெல்லாம் மேப்புல போட்டாச்சு. இங்க இடுப்பளவுன்னா, தெருக்கோடியில எங்க வீட்டு ஓடே மூழ்கியிருக்கணும். மூழ்குச்சா?"

"உன் கம்ப்யூட்டரு அன்னிக்கு வந்து பார்த்துதா?"

"மேடு அன்னிக்கும் மேடுதானே!"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"அடுத்த வெள்ளத்துல ஜனங்க எந்த வீட்டுக்கு ஓடணும்னு இதை வெச்சுதான் சொல்லப் போறோம். நிவாரண அரிசிக்காக அன்னிக்குச் சொன்ன பொய்யை இன்னுமா காப்பாத்தணும்?"

பால் வாங்கிக்கொண்டு வந்த அவள் அம்மா அலமு பதறிப்போனாள்.

"யாரைப் பார்த்துடி பேசற? தெருவே ஸ்கூல்ல ஒரே அண்டாவுல சாப்பிட்டுக்கினு இருந்துது. நீ சின்னப் புள்ள, பெஞ்சு மேல தூங்குவ. இந்த அண்ணன்தான் தண்ணியில எறங்கிப் போயி, மாடத்துல இருந்த நம்ம பட்டு நூலை நனையாம கொண்டாந்து குடுத்தாரு. நாம திரும்பறதுக்குள்ள வீட்டுச் சேத்தைக் கழுவி, சுண்ணாம்பும் அடிச்சு வெச்சாரு. பாவம், அவரு பட்டுதான் மொத்தமும் போச்சு."

புடவைத் தலைப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

"அந்த நூல்லதான் உங்கப்பா உங்கக்காவுக்குக் கல்யாணப் புடவை நெய்ஞ்சாரு. அவரு நெய்ஞ்ச கடைசிப் புடவை. இன்னிக்கும் மழை வந்தா அதை எடுத்துத் தொட்டுப் பார்க்கத் தோணுது."

பால் திரிந்துவிடப்போகிறதென்று வேகமாய்ப் போய்விட்டாள்.

கலையரசி திரையில் தெருக்கோடியைத் தேடினாள். தன் வீட்டைத் தொட்டாள். கழுத்தளவு. மாடம் மார்பு உயரத்தில்தான் இருக்கிறது.

"மாமா... எங்க வீட்டு மாடம் தண்ணிக்குள்ள இருந்திருக்குது."

தறிச் சத்தம் நின்றது.

"உன் மேப்பு சரிதாம்மா. இங்க தண்ணி வரலைன்னே போட்டுக்கோ, அடுத்த தடவை ஜனங்க ஏறி வரட்டும். உங்க வீட்டு அளவை மட்டும் அம்மாகிட்ட காட்டாத. அந்தப் புடவை உங்க வீட்டுப் பட்டுன்னே உங்கம்மா நெனைச்சுக்கினு இருக்கட்டும்."