வண்டி வராத ரோடு

"யோவ், கேட்டைத் திறய்யா! மேலே ஒரு பொம்பளை மூச்சு விட முடியாம கிடக்கிறாளாம்!"

ஆம்புலன்ஸ் டிரைவர் தொண்டை கிழியக் கத்தினார். மலையடிவாரத்தில், ரோட்டுக்குக் குறுக்கே பூட்டிக் கிடந்த இரும்புக் கேட்டருகே காவலாளி கல்லாட்டம் நின்றார்.

"சாவி இல்லீங்க."

"காவல்காரன்கிட்டயே சாவி இல்லையா? அப்புறம் எதுக்குய்யா இங்க நிக்கிறே?"

காவலாளி திரும்பி, வியர்வை சொட்டச் சொட்டச் சைக்கிளோடு நின்ற பல் டாக்டரைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று டாக்டருக்கு விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமையானால் டாக்டருக்கு இந்த மலை ரோடுதான் உயிர். மழையில் ஓரம் சரிந்ததும் பஸ்ஸை நிறுத்திக் கேட்டைப் போட்டுவிட்டார்கள். கேட்டோரச் சந்தில் சைக்கிளும் ஆளும் மட்டும் நுழையலாம். ஹார்ன் இல்லை, புகை இல்லை. சக்கரம் சுழலும் சத்தம் மட்டும்தான். "சைக்கிள் ஓட்டினா அந்த ரோட்டுல ஓட்டணும்யா, சொர்க்கம்!" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி மாய்வார்.

இன்று பாதி மலை ஏறியிருந்தபோது அவர்கள் எதிரே வந்தார்கள்.

ஒரு மர நாற்காலியைக் கழிகளில் கட்டி நாலு பேர் தோளில் சுமந்து வந்தார்கள். நாற்காலியில் ஒரு பெண். விழுந்துவிடாமல் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தது. உதடு நீலம் பாரித்து, ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல் இழுத்துக்கொண்டிருந்தாள்.

முன்னால் சுமந்தவர் அவள் புருஷன். மேலே ஊரில் கொத்தனார்.

"சார், இங்க போன் எடுக்காது. நீங்க சைக்கிள்ல சீக்கிரம் போயிடுவீங்க. ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க சார். பாதி வழிக்கு வண்டி வந்துட்டாக்கூடப் பிழைச்சுப்பா!"

"பயப்படாதீங்க. இதோ போறேன்."

அப்படி ஓர் இறக்கத்தை டாக்டர் வாழ்நாளில் ஓட்டியதில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக் கருகி நாறியது. ஒரு வளைவில் சறுக்கி விழுந்து முழங்கைத் தோல் உரிந்துவிட்டது. எழுந்து மறுபடி ஏறினார். கீழே வந்ததும் போன் எடுத்தது. ஆம்புலன்ஸும் பறந்து வந்தது.

கேட்தான் திறக்கவில்லை.

டாக்டர் காவலாளியை ஓரமாக இழுத்துப் போனார்.

"ஏம்ப்பா, உயிர் போற நேரம். நிஜமாவே சாவி இல்லையா?"

"மறந்துட்டீங்களா சார்? மேலே இருக்கிறவங்களுக்கு அவசரம்னா ஒரு ஜீப்பை நான்தான் திறந்து விட்டுக்கிட்டு இருந்தேன். அது உங்க சைக்கிளை உரசிட்டுப் போச்சுன்னு ரோடு ஆபீஸ்ல போய்ச் சத்தம் போட்டீங்க. 'இவன்கிட்ட சாவி இருந்தா கண்டவனுக்கும் திறப்பான்'னு நீங்கதானே சொன்னீங்க? அன்னைக்கே வாங்கி உள்ளே வச்சுட்டாங்க. இன்னைக்கு ஆபீஸ் லீவு. ஆபீசருக்கு அடிச்சு அடிச்சுப் பார்த்துட்டேன், எடுக்கலை."



ஆம்புலன்ஸில் வந்த நர்ஸ் மருந்துப் பையோடு மேட்டில் ஏறி ஓடினாள். டிரைவர் ஜாக்கிக் கம்பியால் பூட்டை அடித்தார். டாக்டர் அதைப் பிடுங்கி வெறி பிடித்தவர்போல் அடித்தார். மாறி மாறி அடித்துக் கடைசியில் பூட்டு தெறித்து விழுந்தபோது, வளைவில் நாற்காலி தெரிந்தது.

சுமந்து வந்தவர்களின் நடையில் அவசரம் இல்லை. பக்கத்தில் நர்ஸ் தலையைக் குனிந்தபடி வந்தாள்.

டாக்டருக்குப் புரிந்துவிட்டது.

கொத்தனார் நாற்காலியை மெதுவாக இறக்கினார். மனைவியின் முகத்தில் விழுந்திருந்த முடியைக் காதோரம் ஒதுக்கினார். கேட்டைப் பார்த்தார். கீழே கிடந்த பூட்டைப் பார்த்தார். நேரே போய்க் காவலாளியின் சட்டையைப் பிடித்தார்.

"முன்னெல்லாம் ஜீப்பை விட்டுக்கிட்டுதானேடா இருந்தே? இப்ப என்னடா வந்துச்சு உனக்கு? யார் சொல்லிடா நிறுத்தினே?"

 காவலாளி ஒரு நிமிஷம் டாக்டரைப் பார்த்தார்.

"யாரும் சொல்லலப்பா. சாவியை நான்தான் தொலைச்சுட்டேன்."

பளாரென்று அறை விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது. காவலாளி கையைத் தூக்கிக்கூடத் தடுக்கவில்லை. டாக்டர் ஓரடி முன்னால் எடுத்து வைத்து, அப்படியே நின்றுவிட்டார். 

கொத்தனார் திரும்பினார். டாக்டரின் முழங்கையில் வழிந்த ரத்தத்தைக் கண்டதும் அவர் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டு விம்மினார்.

"முன்னப் பின்னத் தெரியாத எங்களுக்காக விழுந்து எழுந்து ஓடியிருக்கீங்களே சார். சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன்."

ஆம்புலன்ஸ் அவர்களை ஏற்றிக்கொண்டு போனது. சைரன் போடவில்லை.

காவலாளி கேட்டருகே உட்கார்ந்து வாயோரத்து ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். டாக்டர் அவர் எதிரே போய் நின்றார்.

"என்னை ஏம்ப்பா காட்டிக்கொடுக்கலை? எனக்காக நீ எதுக்கு அடி வாங்கணும்?"

"உங்களுக்காக யாரு சார் வாங்கினது?" காவலாளி தலை நிமிரவில்லை. "பெண்டாட்டியைப் பறிகொடுத்துட்டுப் போறான். நமக்காக ஒரு மனுஷன் ஓடி வந்தான்கிற நினைப்பு ஒண்ணுதான் அவன்கிட்ட மிச்சம். அதையும் பறிக்கச் சொல்றீங்களா?"